பன்னிரண்டு மணி நிழல்

தலைச்சாவடி மூன்றுரோட்டு முக்கில் நின்ற தூங்குமூஞ்சி வாகையை வைகாசி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை உச்சிப்பொழுதில் அறுத்துச் சாய்த்தபோது மரம் போனது, நிழல் போகவில்லை. கிரேன் வந்து தண்டைத் தூக்கி ஓரமாகப் போட்டது, டிராக்டர்கள் வந்து கிளைகளை அள்ளிக்கொண்டு செங்கல் சூளைக்குப் போயின, பொக்லைன் வந்து வேரைக் கெல்லி எடுத்துக் குழியைச் சல்லி கொட்டி மூடியது. எல்லாம் முடிந்து ஆட்கள் முகத்தைத் துடைத்துக்கொண்டு டீ குடிக்க உட்கார்ந்தபோதுதான் தாங்கள் உட்கார்ந்திருப்பது நிழலில் என்பதையும், அண்ணாந்து பார்த்தால் மேலே வெறும் வானம் கொதித்துக்கொண்டிருப்பதையும் கண்டார்கள். கண்டார்கள், டீயைக் குடித்து முடித்தார்கள், கிளம்பிப் போனார்கள்.

அந்த நிழலில் கடை வைத்திருந்தவர்கள் பதினாலு பேர். காலையில் மூட்டையைக் கட்டிக்கொண்டு எங்கே போவது என்று தெரியாமல் எதிர்ப்புறம் நின்று மண்ணை வாரித் தூற்றியவர்கள், சாயங்காலம் திரும்பி வந்து அவரவர் இடத்தில் அவரவர் சாக்கை விரித்தார்கள். மேற்கு ஓரத்தில் வெள்ளரிப்பிஞ்சு விற்கிற பாவாயி மட்டும் எதையும் சோதித்துப் பார்க்காமல் நம்பாதவள். ஒரு பிஞ்சை நிழலிலும் ஒரு பிஞ்சை வெயிலிலும் வைத்துவிட்டு ஒரு மணி நேரம் காத்திருந்தாள். வெயிலில் வைத்தது வாடியது, நிழலில் வைத்தது வாடவில்லை. "செரி, நெசம் நிழல்தான்" என்று சொல்லிவிட்டு வியாபாரத்தை ஆரம்பித்தாள்.

மரம் விழுந்தது பன்னிரண்டு மணிக்கு என்பதால் நிழலும் அந்த மணியிலேயே நின்றுவிட்டது. காலையில் மேற்கே நீளவில்லை, மாலையில் கிழக்கே சாயவில்லை. சூரியன் எங்கே இருந்தாலும் உச்சிப்பொழுதின் அளவில் வட்டமாக, குளிர்ச்சியாக, நடுவில் சல்லிமேட்டோடு கிடந்தது. கிளைகள் சூளையில் வெந்து சாம்பலான பிறகும் அதன் இலைகளில் ஒன்று உதிரவில்லை. அந்தி ஆறு மணிக்கு, மரம் இருந்த காலத்தில் இலையைக் கூப்பிக்கொள்கிற நேரத்துக்கு, நிழலும் மெலிந்து சல்லடையானது. காலையில் மறுபடி அடர்ந்தது.

மரத்தை வெட்டியதே அங்கே பயணியர் நிழற்குடை கட்டத்தான். அஸ்திவாரம் தோண்ட வந்த இளம் பொறியாளர் நிழல் இருக்கிற இடத்தில் நிழற்குடை கட்டினால் தணிக்கையில் கேள்வி வருமே என்று மேலிடத்துக்கு எழுதினார். மேலிடம் நிழலின் நீள அகலம் கேட்டது. டேப் பிடித்து அளந்து அனுப்பினார்கள். அந்த நிழல் எந்தத் துறையின் பராமரிப்பில் வருகிறது என்று கேட்டது. அதற்கு யாராலும் பதில் எழுத முடியாததால் ஃபைல் மூடிக்கொண்டது. ஊரும் அதோடு நிழலைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டு, வழக்கம்போல அதற்குள் உட்கார்ந்து மற்ற விஷயங்களைப் பேசியது.

தண்டை ஏலத்தில் எடுத்தவன் மரச்சிற்பி வையாபுரி. தலைச்சாவடியில் உளி பிடிக்கிற வீடுகள் நாற்பது உண்டு, எல்லாம் அப்பன் பாட்டன் வழி வந்த கை. வையாபுரி மட்டும் மாட்டுச் சந்தையிலிருந்து வந்தவன். தரகர்களுக்குத் தண்ணீர் தூக்கி, துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசுகிற வித்தையை எழுத்துக்கு முன்னால் படித்து, பதினெட்டு வயதில் ஒரு தரகரின் கன்னத்தில் அறைந்துவிட்டு ஓடிவந்து, சிற்பப் பட்டறை ஒன்றில் சிராய் கூட்டிக் கொட்டுகிற வேலையில் சேர்ந்து, சந்தேகம் கேட்டால் மண்டையில் உளியை அடிக்கிற கொட்டாப்புளியால் ஒன்று வாங்கிக்கொண்டு, கண்ணாலேயே திருடிக் கற்றவன். கோபம் மூக்கின் மேல் உட்கார்ந்திருக்கும். வாசலில் நின்று "யானை என்ன விலை?" என்று கேட்ட ஒருவரிடம், "முதல்ல யானையைப் பாருய்யா, அது உன்னைப் பார்க்குதான்னு பாரு, அப்புறம் விலை கேளு" என்று கத்தி விரட்டியிருக்கிறான். விரட்டப்பட்டவர் மறுநாள் வந்து சொன்ன விலைக்கு வாங்கிப்போனார்.

அவன் வேலை செய்கிற முறையே தனி. புதுக் கட்டை வந்தால் மற்றவர்கள் கரித்துண்டால் கோடு போடுவார்கள், காகிதத்தில் வரைந்து ஒட்டுவார்கள். வையாபுரி கட்டையின் மேல் தன் சிவப்புத் துண்டை விரிப்பான். கண்ணை மூடிக்கொண்டு, துண்டுக்கடியில் கையை விட்டு, சந்தையில் எதிராளியின் விரலைப் பிடிப்பதுபோல மரத்தின் ரேகையைப் பிடிப்பான். "கண்ணுக்கு ஆசை உண்டு, அது பொய் சொல்லும். விரலுக்கு ஆசை கிடையாது" என்பான். ரேகை எந்தப் பக்கம் ஓடுகிறது, உள்வெடிப்பு எங்கே ஒளிந்திருக்கிறது, எல்லாம் அந்த விரலுக்குத் தெரிந்துவிடும். கணு தட்டுப்பட்டால் அதோடு சண்டைக்குப் போகமாட்டான். "இதை முழங்காலா வெச்சுக்கிறேன், சம்மதமா?" என்று வாய்விட்டே கேட்பான். ஊரில் மனிதர் ஒருவரிடமும் அப்படிக் கேட்டறியாதவன். சில கட்டைகளோடு பேரம் ஒரு மணி நேரத்தில் படியும், சிலது நாலு நாள் இழுக்கும், படியாத கட்டையை நஷ்டமானாலும் மரவாடியில் கொண்டுபோய்த் திருப்பிப் போட்டுவிடுவான்.

மலைக்குமாரசாமி கோயில் தர்மகர்த்தா நாச்சிமுத்து ஒருமுறை பட்டறைக்கு வந்தபோது, "மரத்துக்குள்ள சாமி ஏற்கெனவே இருக்காரு, நீ வெளிய கொண்டார்றே, அப்படித்தானேப்பா?" என்று கேட்டார்.

"அதெல்லாம் மேடையில பேசறதுங்க. மரத்துக்குள்ள மரம்தான் இருக்கு. நின்னு வெயில் குடிச்சு மழை குடிச்சுத் தனக்குன்னு வளர்ந்தது, நமக்காகவா வளர்ந்துச்சு? நான் ஒண்ணு கேப்பேன், அது ஒண்ணு கேக்கும். ரெண்டு பேருக்கும் எங்க படியுதோ அங்கதான் சாமி நிக்கும்" என்றான் வையாபுரி.

நாச்சிமுத்துவுக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை, ஆனால் அவன் கை பிடித்திருந்தது. பங்குனி உத்திரத்துப் பரிவேட்டைக்குச் சாமி ஏறுகிற பழைய குதிரை வாகனம் பூச்சி அரித்துப்போயிருந்ததால் புதுக்குதிரையை அவனிடமே சொன்னார்.

கோயில்களில் நிற்கிற குதிரைகள் எல்லாம் ஒட்டுக்குதிரைகள். கால் தனியாக, கழுத்து தனியாக, வால் தனியாகச் செய்து ஆணி அடித்து வர்ணம் பூசியவை. ஒட்டில்லாமல், ஆணியில்லாமல், ஒரே மரத்தில், முன்னங்கால் இரண்டையும் தூக்கிக்கொண்டு எழும்புகிற ஒரு குதிரை இருபது வருஷமாக வையாபுரியின் தூக்கத்தில் வந்து நின்றுகொண்டிருந்தது. அதற்கு நாலு ஆள் கட்டிப்பிடிக்கிற சுற்றளவு வேண்டும். அப்படி ஒரு கட்டை அவன் ஆயுசில் இன்னொரு தடவை வரப்போவதில்லை. அதனால்தான் ஏலத்தில் சூளைக்காரர்களோடு மல்லுக்கு நின்று, சட்டை கிழிந்து, வாகையை எடுத்தான்.

பச்சை மரத்தை வெயிலில் போட்டால் வெடிக்கும், நிழலில்தான் காயவேண்டும். அவ்வளவு பெரிய கட்டைக்குப் பட்டறைக் கூரை போதாது. ஆகவே வாகை எட்டு மாதம் முக்கிலேயே கிடந்தது, தன் நிழலிலேயே தன்னைக் காயவைத்துக்கொண்டது. தை மாதம் கிரேன் வைத்துப் பட்டறைக்கு இழுத்து வந்தார்கள். நிழல் பின்னால் வரவில்லை, முக்கிலேயே இருந்தது.

அன்று வையாபுரி ஒரு தப்புச் செய்தான். துண்டை விரிக்கவில்லை. "ஏலத்துலதான் சட்டை கிழியப் பேசியாச்சே, இன்னும் என்ன பேச்சு" என்று நினைத்தான், பங்குனிக்கு இரண்டே மாதம் இருந்தது, இருபது வருஷத்து ஆசை கண்ணை மறைத்தது. மரம் செதுக்குகிற வாய்ச்சியை எடுத்து மேற்குப் பக்கத்துப் பட்டையை உரித்தான். மரம் விழும் முன்பே எது கிழக்கு எது மேற்கு என்று அதன் மேல் கரியால் குறித்து வைப்பது அவன் வழக்கம், வெயில் பட்ட பக்கத்து ரேகைக்குக் குணம் வேறு. பட்டைக்கு அடுத்திருந்த வெள்ளைக் கட்டையையும் செதுக்கித் தள்ளினான். எந்தச் சிற்பியும் முதலில் செய்வது அதுதான். வெள்ளை பூச்சிக்குத் தீனி, அதைத் தள்ளிவிட்டு உள்ளே இருக்கிற வைரத்தில்தான் வேலை.

அரை மணி நேரம் ஆகியிருக்காது. பாவாயி தலையில் ஈரத்துணியும் கையில் வாடிய வெள்ளரிப்பிஞ்சுமாகப் பட்டறைக்குள் நுழைந்தாள்.

"யோவ் வையாபுரி! என்னய்யா பண்ணித் தொலைச்சே? என் தலையில வெயில் அடிக்குது."

"அடிச்சா நான் என்ன பண்ணட்டும்? போய் சூரியன்கிட்டச் சண்டை போடு."

"சூரியன் அது எடத்துலதான் இருக்குது. நிழலுக்குத்தான் ஓரம் போயிருச்சு. மேக்கால ஒரு முழம், எவனோ வாய்ச்சியால செதுக்கின மாதிரி." அவள் கட்டையின் வெறுமையான மேற்குப் பக்கத்தைப் பார்த்தாள், அவன் கையில் இருந்த வாய்ச்சியைப் பார்த்தாள். "எவனோன்னு நெனச்சேன்."

வையாபுரி சிரித்தான். பாவாயி சிரிக்காமல் ஜாக்கெட்டுக்குள்ளிருந்து செல்போனை எடுத்து, அவளுக்கு வடக்கே உட்காருகிற சாவி ரிப்பேர் ஜமாலைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஜமாலண்ணே, உங்க மேல நிழல் இருக்கா?"

"இருக்கும்மா. முழுசா இருக்கு."

வையாபுரி ஏளனமாக வடமேற்கு மூலையில் விரல்நகம் அளவுக்கு ஒரு சில்லைச் சீவினான்.

"முழங்கால் போயிருச்சும்மா" என்றது போன்.

உள்ளங்கை அளவுக்கு ஒன்று சீவினான்.

"இப்பத் தொடை. யாரும்மா அது, இன்னொண்ணு போடச் சொல்லு. பைல பீடி இருக்கு, தீப்பெட்டி மிச்சம்."

நிழலின் உயிர் சூளையில் எரிந்த கிளைகளில் இல்லை, இந்தத் தண்டில் இருக்கிறது. தண்டின் வெளிப்புறம் நிழலின் ஓரம். அது வையாபுரிக்கு அந்த நொடியே விளங்கிவிட்டது. விளங்கியதனாலேயே கோபம் இரண்டு பங்காக வந்தது.

"கட்டை என்னுது! ஏலத்துல எடுத்தது! நிழலை அவங்க விக்கவும் இல்லை, நான் வாங்கவும் இல்லை. அதுக்கு நானா ஜவாப்தாரி?"

"கத்து. கத்தினா வெயில் கொறைஞ்சுரும்" என்று சொல்லிவிட்டுப் பாவாயி போய்விட்டாள்.

வீம்புக்கு அன்று மாலைவரை செதுக்கினான், மறுநாளும் செதுக்கினான். மூன்றாம் நாள் உச்சியில் கை ஓடவில்லை. முக்குக்குப் போனான்.

நிழலின் மேற்கு விளிம்பு அலை அலையாக வெட்டுப்பட்டிருந்தது. ஒவ்வொரு அலையும் அவன் வாய்ச்சியின் வீச்சு, தன் கையெழுத்தைப்போல அவனுக்கு அடையாளம் தெரிந்தது. நாலு பேர் வெயிலுக்கு வந்திருந்தார்கள். ஜமால் தலையில் ஈரத்துண்டோடு அரத்தால் சாவி ராவிக்கொண்டிருந்தார், அரம் சூடேறி அடிக்கடி கை மாற்றினார், அவனைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் வையாபுரி பதிலுக்குத் திட்டியிருப்பான். உள்ளே குளிர்ந்த இடத்தில் ஆறு ஆட்டோக்கள் நின்றன. வையாபுரி அங்கே போய்ப் பாய்ந்தான்.

"தள்ளி நிறுத்துங்கடா வண்டியை! மனுசன் வெயில்ல வேகறான், வண்டிக்கு என்னடா நிழல்?"

சீட்டில் சாய்ந்திருந்த ஒருவன் எழுந்திருக்காமலே சொன்னான்: "அண்ணே, வெட்டறது நீங்க, தள்ளறது நாங்களா?"

வையாபுரி அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். கடைசியாக வந்தவர்கள்தான் ஓரத்தில் இருந்தார்கள், முதல் வெட்டு அவர்கள் மேல்தான் விழுந்திருந்தது. ஓரம் என்றால் என்னவென்று அவனுக்கு யாரும் சொல்லவேண்டியதில்லை. உளி பிடிக்கிற நாற்பது வீட்டுக்காரர்களும் அவனைத் தள்ளி வைத்த இடம் அதுதான். வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். நிழலை அவன் அன்றுதான் பார்த்தான். மேலே ஒன்றுமே இல்லை, கீழே ஒவ்வொரு இலையும் இருந்தது, காற்றடித்தால் அசைந்தது, இல்லாத ஒரு காக்கை இல்லாத ஒரு கிளையில் வந்து உட்கார்ந்து அதன் நிழல் மட்டும் அலகைத் தீட்டிக்கொண்டது. செருப்பைக் கழற்றி ஒதுக்கி வைத்தான்.

பட்டறைக்குத் திரும்பிக் கட்டையின் மேல் துண்டை விரித்தான். பேரம் மூன்று நாள் நடந்தது. தலைக்கு மட்டும் கொஞ்சம் கேட்டான், மரம் விரல் வழியாக "இல்லை" என்றது. ஒரே ஒரு முன்னங்கால் கேட்டான், இல்லை. பட்டையை விட்டுவிடுகிறேன், வெள்ளையில் பாதி கொடு என்றான், சந்தையில் செய்வதுபோலத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துபோகிற மாதிரி பாவலாவும் காட்டினான். மரம் அசைந்துகொடுக்கவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் அடித்தண்டின் பக்கம் வந்தபோது, வேரோடு சேர்கிற இடத்தில் உளுத்திருந்த ஒரு பொந்துக்குள் அவன் கை துண்டோடு நுழைந்தது. முழங்கை வரை போனது. உள்ளே வைரம். வெதுவெதுப்பாக, ரேகை தளர்ந்து, நீட்டிய கை மாதிரி இருந்தது. அங்கே மட்டும் இல்லை என்கிற பதில் வரவில்லை.

காலையில் உளியை உள்ளே விட்டு ஒரு சில்லை எடுத்துவிட்டு ஜமாலைக் கூப்பிட்டான். "அண்ணே, யாராவது வெயிலுக்கு வந்தாங்களா?"

"யாரும் வரலையே. ஆனா இந்த நடுச்சல்லிமேட்டு மேல ஒரு வெயில் பொட்டு விழுந்திருக்கு வையாபுரி. ரூபாக்காசு அகலம்."

மரம் நின்ற இடம் அது. எவனும் எக்காலத்திலும் உட்கார்ந்திராத இடம். மரம் தன்னுடையது என்று வைத்திருந்தது அந்த ஒன்றுதான், அதைத்தான் தருகிறேன் என்கிறது. சிற்பி தூக்கி எறிகிற வெள்ளையைத் தொடாதே, பொத்திப் பாதுகாக்கிற வைரத்தை எடுத்துக்கொள் என்கிறது. எடுத்தால் உள்ளே குதிரை இருக்காது, குதிரை அளவுக்கு ஒரு வெறுமைதான் இருக்கும். இருபது வருஷம் தூக்கத்தில் நின்ற குதிரையை யாரும் தொட்டுப் பார்க்க முடியாது. வையாபுரி அன்று முழுவதும் சாப்பிடவில்லை. மறுநாள் லாரியின் ஸ்பிரிங் பட்டாவை அடித்து நீளக் காம்பு வைத்த குழிவுளிகள் ஏழு செய்துகொண்டான், கோவணத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டான், பொந்தை ஆள் அகலத்துக்குப் பெரிதாக்கி உள்ளே ஊர்ந்துபோனான்.

உள்ளே கண்ணுக்கு வேலை இல்லை. அச்சு வெட்டுவதுபோல எல்லாம் தலைகீழ். மார்பு புடைக்கவேண்டிய இடத்தில் குழி ஆழமாகவேண்டும், விலா ஒடுங்கவேண்டிய இடத்தில் மரத்தை விட்டுவைக்கவேண்டும். துண்டுக்கடியில் நாற்பது வருஷம் பழகிய விரல் வழி சொன்னது. வெளியே, முக்கில், சல்லிமேட்டு மேல் இருந்த வெயில் பொட்டு தினமும் வளர்ந்தது. முதலில் பூசணிக்காய் மாதிரி இருந்தது, பிறகு வயிறு என்று தெரிந்தது, ஒரு செவ்வாய்க்கிழமை பிடரி சிலிர்த்துக்கொண்டு வந்தது. ஊர் அதற்கும் பழகியது. பஸ் ஏற வந்தவர்கள் பஸ்ஸை விட்டுவிட்டு நின்றார்கள். பள்ளிக்கூட வாத்தியார் பிள்ளைகளை வரிசையாகக் கூட்டிவந்து காட்டினார். சல்லியை ஆளுக்கொரு கூடையாக அள்ளிப்போட்டு இடத்தைச் சமன் செய்து சாணம் தெளித்தார்கள். குதிரை வளர வளர ஆட்டோக்காரர்கள் யாரும் சொல்லாமலே வண்டிகளைத் தள்ளிக்கொண்டுபோய் வெயிலில் நிறுத்தினார்கள், வெயிலுக்குப் போயிருந்த நாலு பேரும் சாக்கை இழுத்துக்கொண்டு உள்ளே வந்தார்கள்.

கண் திறக்கும்வரை தள்ளி நின்று பார்ப்பதில்லை என்பது வையாபுரி எந்தச் சிலைக்கும் வைத்திருக்கிற விதி. அதனால் அவன் முக்குப் பக்கம் தலைவைக்கவில்லை. செல்போனைக் கட்டைக்குள் ஒரு ஆணியில் மாட்டிவிட்டு, ஊர் சொல்லச் சொல்லச் செதுக்கினான்.

"காது ஒண்ணு கழுதைக்காது மாதிரி இருக்குதுய்யா" என்பாள் பாவாயி.

"உன் கண்ணு கழுதைக்கண்ணு! எந்தக் காது?"

"எடது. என்னைத் திட்டினா கொறையுமா, சீவு."

"கொறைக்க முடியாதுடி, வெட்டினது வெட்டினதுதான். பக்கத்துல பிடரியை ஏத்தி மறைச்சுடறேன், இரு." கொஞ்ச நேரம் கழித்து, "இப்ப?"

"இப்பத்தான் குதிரை."

அவன் வேலையைப் பற்றி எவன் வாய் திறந்தாலும் உளியைத் தூக்கி எறிந்தவன், அந்த இரண்டு மாதம் கீரைக்காரி சொன்னதையும் கேட்டான், கண்டக்டர் சொன்னதையும் கேட்டான்.

பங்குனி பிறந்ததும் நாச்சிமுத்து பட்டறைக்கு வந்தார். பட்டையோடு கிடந்த கட்டையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"குதிரை எங்கப்பா?"

"உள்ளங்க."

அவர் குனிந்து பொந்துக்குள் பார்த்தார். இருட்டு. "என்ன விளையாடறியா?"

"முக்குக்கு வந்து பாருங்க."

"முக்குல போய் என்னத்தைப் பார்க்கறது? நாலு கால், ஒரு வாலு, சாமி ஏற முதுகு, இதுதான நான் கேட்டது? கட்டையைக் காட்டறே. சாமி இந்த வருஷம் வெறும் பல்லக்குலயே போகட்டும். இனிமே கோயில் வாசல்ல உன் உளிச் சத்தம் கேக்கக்கூடாது."

வையாபுரியின் கை கொட்டாப்புளிக்குப் போனது. அதை எடுத்தான். எடுத்துக்கொண்டு மறுபடி பொந்துக்குள் ஊர்ந்துபோய்விட்டான். நாச்சிமுத்து வெறும் இரண்டு பாதங்களைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுப் போனார்.

மிச்சமிருந்தது கண். எந்தச் சிலைக்கும் கடைசி வேலை அதுதான், மற்ற குதிரைகளுக்கு உளியால் தோண்டினால் கண் திறக்கும். வெயிலால் ஆன குதிரைக்குத் தோண்டித் திறக்கமுடியாது, நிழலால்தான் கண் வைக்கமுடியும். அதற்காகத் தலைப்பக்கத்தில் தேங்காய் அளவுக்கு வைரத்தை வெட்டாமல் விட்டுவைத்திருந்தான். அதைச் சுற்றிச் சுற்றிக் குறைத்துப் புளியங்கொட்டை அளவுக்குக் கொண்டுவரவேண்டும். ஒரு வீச்சு அதிகமானால் கண் உதிர்ந்துபோகும், குருட்டுக் குதிரை, இன்னொரு வாகை இல்லை. உத்திரத்தன்று காலையில் ஆரம்பித்தான்.

அன்று முக்கில் நிற்க இடமில்லை. பரிவேட்டை ஊர்வலம் உச்சிக்கு அங்கே வரும். பாவாயி போனை வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டு குதிரையின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். அத்தனை கூட்டத்திலும் சத்தமில்லை. ஸ்பீக்கரில் உளிச் சத்தம் மட்டும் கேட்டது, டொக், டொக்.

"எலுமிச்சம்பழம் அளவு இருக்குது" என்றாள்.

டொக்.

"நெல்லிக்காய். வையாபுரி, மெதுவா."

டொக்.

"சுண்டைக்காய்... இன்னும் கொஞ்சம்... கீழ கொஞ்சம்..." சட்டென்று அவள் குரல் மாறியது. "நிறுத்துய்யா! நிறுத்து. பார்க்குது."

போனில் உளி கீழே விழுகிற சத்தம் கேட்டது.

அவன் உடம்பெல்லாம் மரத்தூளோடு, மஞ்சள் பூசிய ஆள் மாதிரி, சிவப்புத் துண்டை இடுப்பில் சுற்றிக்கொண்டு ஓடிவந்து சேர்ந்தபோது மேளமும் வந்து சேர்ந்திருந்தது. பல்லக்குத் தூக்கிகள் பதினாறு பேரும் ஒரு மாதமாக இந்தக் குதிரையைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள். யாரையும் கேட்காமல், தாளம் தப்பாமல், நேராக நிழலுக்குள் நடந்து வந்து, வெயில் குதிரையின் முதுகுக்கு மேலே சாமியைத் தாங்கி நின்றார்கள். முன்னால் வந்த நாச்சிமுத்து தடுக்க வாயைத் திறந்தார். திறந்தவர் கீழே பார்த்தார். பொன்னை உருக்கி ஊற்றியதுபோல ஒரு குதிரை, ஒட்டில்லை, ஆணியில்லை, முன்னங்கால் இரண்டையும் தூக்கிக்கொண்டு, பிடரியின் ஒவ்வொரு மயிரும் தனித்தனியாக எரிய, கறுத்த ஒற்றைக் கண்ணால் கிழக்கே பார்த்துக்கொண்டு, மண்ணில் கிடக்கிறதா மண்ணிலிருந்து எழும்புகிறதா என்று தெரியாமல் இருந்தது. நாச்சிமுத்துவின் தோளில் கிடந்த அங்கவஸ்திரம் இடுப்புக்கு இறங்கியது.

கூட்டம் வையாபுரிக்கு வழிவிட்டது. தான் செய்த குதிரையை அவன் அப்போதுதான் பார்த்தான். இடுப்புத் துண்டை அவிழ்த்து உதறி, குதிரையின் நெற்றி மேல் விரித்து, முட்டி போட்டு, கண்ணை மூடி, துண்டுக்கடியில் கையை நுழைத்தான். சந்தையில் பேரம் முடிகிற நேரத்து அமைதி.

கண்ணைத் திறந்தபோது துண்டு நிழலில் கிடந்தது.

அவன் துண்டை நகர்த்தவில்லை. குதிரை ஒரு சாண் முன்னால் போயிருந்தது. வைகாசி வெள்ளிக்கிழமையிலிருந்து பன்னிரண்டு மணியிலேயே நின்ற நிழல் பிடி தளர்ந்து, இலை இலையாக, கிளை கிளையாக, தன் நடுவில் குதிரையோடு கிழக்கே நகர்ந்துகொண்டிருந்தது.

"ஏய், நகருதுடா!" என்று முதலில் கத்தியது பாவாயி. வெள்ளரிக்கூடையைத் தூக்கி ஒரு சாண் கிழக்கே வைத்தாள். ஜமால் அரப்பெட்டியைத் தள்ளினார். மரம் இருந்த காலத்தில் தினமும் மத்தியானம் செய்ததுபோலவே பதினாலு பேரும் சிரித்துக்கொண்டும் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டும் சாக்கை இழுத்து நகர்ந்து உட்கார்ந்தார்கள். தூக்கிகள் ஒரு அடி எடுத்து வைத்தார்கள். பிறகு காத்திருந்து இன்னொரு அடி.

அந்த வருஷத்துப் பரிவேட்டை நாற்பது அடி போவதற்கு ஆறு மணி நேரம் ஆனது. வெயில் சாயச் சாயக் குதிரை நீண்டது. தூக்கிய கால்கள் முன்னே விரிந்தன, கழுத்து நீண்டது, வால் காற்றில் நேரானது, நாலு மணிக்கு அது நடந்துகொண்டிருந்தது, ஐந்தரைக்குப் பாய்ந்துகொண்டிருந்தது, சாமி அதன் முதுகில் இருந்தார். நாச்சிமுத்து வெறுங்காலோடு கூடவே நடந்தார், பக்கத்தில் மரத்தூளோடு வையாபுரி நடந்தான். ஆறு மணிக்கு இல்லாத இலைகள் கூம்பின. குதிரை ரோட்டைத் தாண்டி, வயலைத் தாண்டி, அந்திக்குள் போய்விட்டது.

கூடையைக் கட்டிக்கொண்டிருந்த பாவாயி கேட்டாள்: "துண்டுக்கடியில என்னய்யா கேட்டுச்சு? எத்தனை விரல்?"

வையாபுரி தன் கையை விரித்து, ஐந்து விரலையும் ஒவ்வொன்றாகப் பார்த்தான்.

"ஒரு விரலைக்கூடப் புடிக்கலை பாவாயி. சும்மா கைமேல நடந்து போச்சு."